நம்பத்தகாத உறுப்புக்களும் நம்பத்தக்க அமைப்பும்

தோற்றுவாய்

மக்கள் கூடி வாழ்தற்கு உணவும் உறையுளும் எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாதது செய்தி. செய்தி எட்டாவிடத்து அச்சம் குடிபுகும். மாறுபட்ட செய்திகள் எட்டியவிடத்து அவ்வச்சம் இருமடங்காகும். இவ்வுண்மையை யான் நூல்களிற் கற்றதினும் சென்ற மழைக்காலத்து ஓரிரவிற் கற்றதே மிகுதி. புயற்காற்றால் மின்கம்பிகள் அறுந்தன. எம் விடுதி முழுதும் இருள் சூழ்ந்தது. கைப்பேசிகள் யாவும் ஊமையாயின. என் அறைத்தோழரது ஊர் ஆற்றங்கரையில் உள்ளது. அவ்வூர்ப் பக்கமிருந்து அன்றிரவு விடுதிக்கு வந்தோர் இருவர். ஒருவர், ‘கரை உடைந்துவிட்டது’ என்றார். மற்றவர், ‘கரைக்கு யாதோர் ஊறும் இல்லை’ என்றார். இருவருள் எவர் சொல்லைக் கொள்வது? தோழர் விடியுமளவும் கண்ணுறங்காது சாளரத்தருகே அமர்ந்திருந்தார். கரை உடையவில்லை என்பது மறுநாள் நண்பகலிலேதான் தெளிவாயிற்று.

அவ்விரவு எம்முன் நின்ற வினாக்கள் இரண்டு. வழி அறுந்தபோது செய்தி செல்வது எங்ஙனம்? சொல்வோர் முரணியபோது மெய்யைத் தெளிவது எங்ஙனம்? இவ்விரண்டு வினாக்களையுமே கணிப்பொறிகளின்பால் வைத்து, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசாங்கம் தன் பாதுகாப்புத் துறையின் பொருளைச் செலவிட்டு, அறிஞர் பலரைக் கொண்டு நெடுங்காலமாக ஆராய்வித்து வந்திருக்கின்றது. அதற்குக் காரணம் வெளிப்படை. போர்க்களத்திற் கணிப்பொறிகள் ஓரிடத்தே நிலைத்திரா. கப்பலிலும், விமானத்திலும், ஊர்தியிலும், வீரர் கையிலுமாக அவை சிதறிக் கிடக்கும், இடம் பெயர்ந்துகொண்டே இருக்கும், சில அழியும், சில பகைவர் கையிற் சிக்கும். இங்ஙனம் பரந்து கிடக்கும் பொறிகள் பலவற்றை ஒன்றேபோல் வினைபுரியச் செய்தல் எங்ஙனம் என்பதே ஆராய்ச்சிப் பொருள்.

அழியாத பொறியையும் அறாத கம்பியையும் ஆக்க முயல்வதே இதற்கு வழியென்று எவரும் முதலில் எண்ணுவர். அறிஞர் கண்ட வழியோ அதற்கு நேர்மாறானது. ‘உறுப்புக்கள் தவறும் என்பதை முன்னரே ஒப்புக்கொள்க; ஒப்புக்கொண்டு, அத்தவறுதலைத் தாங்கவல்ல முழுமையை அமைக்க’ என்பதே அவர் கண்டது. அஃது எங்ஙனம் கைகூடிற்று என்பதையும், எவ்விடத்து அதற்கு எல்லை உண்டு என்பதையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

அறுபடும் கம்பி

1957-ஆம் ஆண்டில் இரஷ்யர் செயற்கைத் துணைக்கோள் ஒன்றை வானிற் செலுத்தினர். அதனால் விழிப்புற்ற அமெரிக்க அரசாங்கம், உயர்ந்த ஆராய்ச்சிகளுக்குப் பொருளுதவி செய்யும்பொருட்டு 1958-ல் தன் பாதுகாப்புத் துறையின்கண் ‘ஆர்ப்பா’ என்னும் ஒரு நிலையத்தை நிறுவிற்று. இதுவே 1972-ல் ‘டார்ப்பா’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதற்குப் புறம்பே, வான்படையின் பொருளுதவி பெற்ற ராண்ட் என்னும் ஆராய்ச்சி நிறுவனம் கலிபோர்னியாவில் இருந்தது. 1959-ல் அங்குச் சேர்ந்த பால் பேரன் என்னும் பொறியியலறிஞர் ஒரு வினாவை எடுத்துக்கொண்டார்: அணுகுண்டுகள் விழுந்து தொலைபேசி நிலையங்கள் அழிந்தபின்னும், ஆணையொன்று ஒரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்லுமா?

அவர் மூன்று படங்கள் வரைந்து காட்டினார். முதலாவது, நடுவே ஒரு நிலையமும் அதனினின்று எப்புறமும் செல்லும் கம்பிகளும். நடுநிலையம் அழியின் எல்லாம் அழிந்தது. இரண்டாவது, பல சிறு நடுநிலையங்கள். அவற்றுட் சில அழியினும் பெருந்தீங்கு. மூன்றாவது மீன்வலை. வலையில் ஒரு முடிச்சு அறுந்தால் மீனவன் வலையை எறிந்துவிடுகின்றானா? ஏனைய முடிச்சுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டே நிற்கின்றன. நிலையங்களை ஒன்றாகக் கோப்பதற்குக் குறைந்த அளவில் எத்துணை இணைப்புக்கள் வேண்டுமோ, அதனைப்போல் மூன்று நான்கு மடங்கு இணைப்புக்கள் இருப்பின், பெருஞ்சேதத்தின் பின்னும் எஞ்சிய நிலையங்கள் தம்முட் பேசவல்லன என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார்.

வலை மட்டும் இருந்தாற் போதாது; அதில் வழி கண்டு செல்லும் முறையும் வேண்டும். பேரன் செய்தியைச் சிறு சிறு பொதிகளாகப் பகுத்தார். ஒவ்வொரு பொதியின்மேலும் சேருமிடத்தின் முகவரி இருக்கும். ஒவ்வொரு நிலையமும் தன்னிடம் வந்த பொதியைத் தன்கண் வைத்திராமல், அந்நேரத்திற் சிறந்த வழியெதுவோ அவ்வழியே உடனே தள்ளிவிடும். சுடுகின்ற கிழங்கைக் கையில் ஏந்திய சிறுவன் அதனை அடுத்தவன் கையில் எறிந்துவிடுவதுபோல என்று அவரே இதற்கு உவமை கூறினார். வழிகாட்டும் தலைமை நிலையம் ஒன்று இல்லாமையால், பகைவன் தாக்கி வீழ்த்துதற்குத் தலையென்று ஒன்று இல்லை.

1964-ல் இவ்வாராய்ச்சி பல தொகுதிகளாக வெளிவந்தது. அவற்றுட் பெரும்பாலான எவரும் கற்கும்வண்ணம் வெளிப்படையாகவே அச்சிடப்பட்டன. ஆனால், அந்நாளில் அமெரிக்காவின் தொலைபேசித் தொழிலைத் தன் கையில் வைத்திருந்த ஏ.டி. அண்டு டி. கம்பெனியார் இம்முறை நடவாதென்று மறுத்தனர். வான்படையார் தாமே அதனை அமைக்க முன்வந்தபோது, அப்பணி அதற்குரிய அறிவு வாய்ந்திராத வேறோர் அலுவலகத்தின்பாற் சென்றது. தகாதவர் கையில் முயற்சி தோல்வியுறின் பின்னெவரும் அதனைத் தொடார் என்று கருதிய பேரன், தம் கனவை நிறுத்திவைக்குமாறு தாமே கூறிவிட்டார். நன்முயற்சிக்குக் காலமறிதலும் ஒரு கடமையன்றோ?

1965-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் என்பாரும் இதே முறையைத் தாமாகவே கண்டார். 1969-ல் ஆர்ப்பா நிலையம் தன் வலைப்பின்னலைத் தொடங்கியது. இது அணுப்போரைத் தாங்குதற்கென்றே அமைந்ததென்று பலர் எழுதுவதுண்டு, அது பிழை. தொலைவிலுள்ள பல்கலைக்கழகங்களின் கணிப்பொறிகளை ஆராய்ச்சியாளர் பங்கிட்டுக்கொள்ளுதலே அதன் நோக்கம். எனினும் பொதிமுறையே அதற்கு அடிப்படையாயிற்று. அவ்வாண்டு அக்டோபர் 29-ஆம் நாள் இரவு, லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்திற்கு ‘லாகின்’ என்னும் சொல்லை அனுப்ப முயன்றனர். முதலிரண்டு எழுத்துக்கள் சென்றன. மூன்றாவதற்குள் அங்கிருந்த பொறி நிலைகுலைந்தது. இங்ஙனம், தவறுதலைத் தாங்கும் கலையின் வரலாறு ஒரு தவறுதலோடுதான் தொடங்கிற்று. சிறிது நேரத்திற்குள் பிழையைத் திருத்தி மீண்டும் அனுப்பினர், சென்றது.

மோதும் அலை

கம்பி ஓரிடத்தில் நிலைத்தவர்க்கே பயன்படும். ஓடுகின்ற ஊர்திக்கும் கடல்நடுவிலுள்ள தீவுக்கும் வானொலி அலையே வேண்டும். ஹவாய்த் தீவுகளிலுள்ள பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆபிராம்சன் என்னும் பேராசிரியர், ஆர்ப்பாவின் பொருளுதவி பெற்று, 1971-ல் ‘அலோஹா’ என்னும் வானொலி வலைப்பின்னலை இயக்கினார். பல தீவுகளிலுள்ளோர் ஒரே அலைவரிசையைப் பங்கிட்டுக்கொள்ளல் வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் பேசாதிருக்க யார் முறை வகுப்பது?

ஆபிராம்சன் முறை வகுக்கவில்லை. ‘எவரும் எப்பொழுதும் அனுப்புக, பெற்றேன் என்னும் மறுமொழி வாராவிடின் மோதல் நேர்ந்ததென்று கொள்க, சிறிது பொறுத்து மீண்டும் அனுப்புக’ என்றார். ஆனால் இருவரும் ஒரே அளவு நேரம் பொறுப்பாராயின் மீண்டும் மோதுவர். குறுகிய வழியில் எதிர்ப்பட்ட இருவர் ஒரே பக்கமாக விலகி விலகி முட்டிக்கொள்வதுபோல. ஆகவே ஒவ்வொருவரும் பகடை உருட்டினாற்போலத் தத்தமக்கு வாய்த்த நேரம் பொறுத்தல் வேண்டும். இம்முறையில் அலைவரிசையின் ஆற்றலில் நூற்றுக்கு 18 பங்கே பயன்படும். எஞ்சியது மோதலிலும் வெறுமையிலும் கழியும். ஆயினும் அது இயங்கிற்று. காலத்தைச் சம கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூற்றின் தொடக்கத்திலேயே அனுப்பவேண்டுமென்று பின்னர் விதித்தபோது அப்பயன் இருமடங்காயிற்று.

இதன்மேல் ஆர்ப்பாவின் ராபர்ட் கான் என்பார், இராணுவ ஊர்திகளுக்கேற்ற பொதி வானொலி வலைப்பின்னலை ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தாரைக் கொண்டு அமைப்பித்தார். கம்பி வலை ஒன்று, வானொலி வலை ஒன்று, துணைக்கோள் வலை ஒன்று என மூன்று வேறு வலைகள் உளவாயின. ஒன்றன் பொதியை மற்றொன்று அறியாது. இவற்றைப் பிணைக்கும் நெறிமுறையைக் கானும் வின்ட் செர்ப் என்பாரும் 1974-ல் ஒரு கட்டுரையாக வெளியிட்டனர். இடையிலுள்ள வலைகள் எதற்கும் உறுதி கூறவேண்டா. தம்மாலியன்றவாறு பொதிகளைக் கடத்தினாற் போதும். பொதி தொலைந்ததா, வரிசை மாறியதா, இருமுறை வந்ததா என்று பார்த்துச் சரிசெய்யும் பொறுப்பு இரு முனைகளிலுள்ள கணிப்பொறிகளுக்கே உரியது என்பது அதன் உயிர்நிலை.

1976 ஆகஸ்டு 27-ஆம் நாள், வானொலிக் கருவி பூண்ட ஊர்தி ஒன்று கலிபோர்னியாவில் ஒரு சிற்றுண்டிச்சாலைத் தோட்டத்தருகே நின்றது; தோட்டத்து மேசைமீது வைத்த பொறியிலிருந்து அவ்வாரத்து அறிக்கை இரண்டு வலைகளைக் கடந்து சென்றது. 1977 நவம்பர் 22-ஆம் நாள் அவ்வூர்தி நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கையிலேயே, அதன் பொதிகள் வானொலி வலை, கம்பி வலை, துணைக்கோள் வலை ஆகிய மூன்றையும் கடந்து, இலண்டன் மாநகரை எட்டித் திரும்பி, தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தை அடைந்தன. 1983 ஜனவரி 1-ஆம் நாள் ஆர்ப்பா வலை முழுதும் இந்நெறிமுறைக்கு மாறிற்று. இன்று நம் கையிலுள்ள பேசி உலகத்தோடு உரையாடுவதும் இந்நெறிமுறையின் வழித்தோன்றலாலேயே.

பொய்யுரைக்கும் தலைவன்

இதுகாறும் கூறியவை அறுதலும் மோதலும் பற்றியன. அறுந்த கம்பி வாய்மூடிக் கிடக்கும், பொய் கூறாது. ஆனால் பழுதுற்ற பொறியொன்று வாய்மூடாமல், ஒருவரிடம் ஒன்றும் மற்றொருவரிடம் வேறொன்றும் கூறுமாயின் என் செய்வது? விமானத்தைச் செலுத்தும் கணிப்பொறிகளைப் பழுதறச் செய்தல் குறித்து அமெரிக்க விண்வெளித் துறையினர் பொருளுதவ, ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் மார்ஷல் பீஸ், ராபர்ட் ஷோஸ்டாக், லெஸ்லி லாம்போர்ட் ஆகிய மூவரும் இதனை ஆராய்ந்தனர். 1980-லும் 1982-லும் அவர் கட்டுரைகள் வெளிவந்தன. பின்னதற்கு ஏவுகணைத் தடுப்புத் துறையும் இராணுவ ஆராய்ச்சி அலுவலகமும் பொருளுதவின. எந்நாட்டவர் மனமும் புண்படாதிருத்தற்பொருட்டு, மறைந்துபோன பைசாந்தியப் பேரரசின் பெயரால் லாம்போர்ட் அதற்குப் ‘பைசாந்தியத் தளபதிகள்’ என்று பெயரிட்டார்.

கோட்டையொன்றைச் சூழ்ந்து தளபதிகள் பலர் தனித்தனியே பாசறை அமைத்துள்ளனர். தூதர் வாயிலாகவன்றி அவர் தம்முட் பேச இயலாது. யாவரும் ஒருங்கே தாக்கின் வெற்றி. ஒருங்கே பின்வாங்கின் பிழைப்பு. சிலர் தாக்கிச் சிலர் பின்வாங்கின் அழிவு. அவருள் வஞ்சகரும் உளர். உண்மையாளர் யாவரும் ஒரே முடிவுக்கு வருதல் எங்ஙனம்?

மூவர் மட்டும் இருப்பதாகக் கொள்வோம்: தலைவன் ஒருவன், துணைவர் இருவர். தலைவன் ‘தாக்கு’ என்று முதல் துணைவனுக்குச் சொல்லியனுப்புகின்றான். இரண்டாந் துணைவனோ, ‘எனக்குப் பின்வாங்கு என்றன்றோ ஆணை வந்தது’ என்கின்றான். பொய்யன் யார்? தலைவன் இருவர்க்கும் வெவ்வேறு ஆணை விடுத்திருக்கலாம். அல்லது இரண்டாந் துணைவன் பொய் கூறலாம். முதல் துணைவனுக்கு இவ்விரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். எத்துணை அறிவுடையனாயினும் அவனால் வேறுபாடு காண இயலாது. எம் விடுதியில் அன்றிரவு நேர்ந்த நிலையும் ஏறக்குறைய இதுவே. நால்வராயின் வழி பிறக்கின்றது. துணைவர் மூவரும் தாம் பெற்ற ஆணையை ஏனையோர்க்கு உரைத்து, கிடைத்த மூன்று சொற்களிற் பெரும்பான்மையைக் கொள்வர். வஞ்சகன் ஒருவனே எனின், அவன் தலைவனாயினும் துணைவனாயினும், உண்மையாளர் பிரிவுபடார். பொதுவாக, வஞ்சகரின் தொகையை மும்மடங்காக்கி ஒன்றைக் கூட்டிய தொகையினர் வேண்டும்: ஒருவனுக்கு 4 பேர், இருவர்க்கு 7 பேர், மூவர்க்கு 10 பேர்.

தமிழ் கற்கும் எமக்கு இவ்விடத்து ஓர் எண்ணம் எழுகின்றது. திருவள்ளுவர் ஒற்றாடல் என்னும் அதிகாரத்தில், ஒற்றரை ஒருவரையொருவர் அறியாதவாறு ஆளவேண்டுமென்றும், மூவர் கூற்று ஒத்தபோதே அதனை மெய்யெனத் தெளியவேண்டுமென்றும் கூறியுள்ளார். அங்கு மூவர் போதுமாயிருக்க, இங்கு நால்வர் வேண்டுவானேன்? அங்கே கேட்டுத் தெளிபவன் அரசன், அவனை ஐயுறவேண்டுவதில்லை. இங்கோ ஆணையிடும் தலைவனும் ஐயத்துக்கு உட்பட்டவன். ஐயத்திற்கு அப்பாற்பட்டவர் எவரும் இல்லாத அவையில், உண்மையைக் காத்தற்கு மிகுதியானவர் தேவைப்படுகின்றனர்.

கையொப்பமும் மறைவும்

மேற்கூறிய மூவரும் மற்றொன்றும் காட்டினர். தலைவனது ஆணையில் எவராலும் போலியாக இடவொண்ணாத கையொப்பம் இருக்குமாயின், இடையிலுள்ளோர் அதனைத் திரித்துரைக்க இயலாது. அப்பொழுது மூவரே போதும். எங்கோ இருக்கும் கணிப்பொறி கையொப்பமிடுதல் எங்ஙனம்?

1977-ல் மாஸசூஸெட்ஸ் தொழிற்கலை நிலையத்தில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்னும் மூவர் இதற்கு வழி கண்டனர். தேசிய அறிவியல் நிறுவனமும் கடற்படை ஆராய்ச்சி அலுவலகமும் அவர்க்குப் பொருளுதவின. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குதல் எளிது. பெருக்கி வந்த எண்ணைக் கண்டு அவ்விரண்டும் எவையென்று பிரித்தறிதல் மிக அரிது. இவ்வருமையைக் காவலாகக் கொண்டு, ஒவ்வொருவர்க்கும் இணையான இரண்டு திறவுகோல்களை அமைத்தனர். ஒன்றை ஊரறிய வெளியிடலாம். மற்றொன்றை உடையவர் மட்டும் காத்துக்கொள்வர். ஊரறிந்த திறவுகோலாற் பூட்டியதை உடையவரே திறக்கலாம், இது மறைவு. உடையவர் தம் திறவுகோலாற் பூட்டியதை ஊரார் எவரும் திறந்து, ‘இஃது இவர் இட்டதே’ என்று தெளியலாம், இது கையொப்பம்.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. பிரிட்டிஷ் அரசாங்கத்தின் மறைமொழித் துறையிற் பணியாற்றிய கிளிபோர்டு காக்ஸ் என்பார் இதே வழியை 1973-லேயே கண்டிருந்தார். ஆனால் அரசாங்கம் அதனை மறைத்து வைத்தது; 1997-ல்தான் உலகம் அறிந்தது. இடைப்பட்ட 24 ஆண்டுகளும் அவ்வறிவு பெட்டிக்குட் கிடந்தது. அமெரிக்க அறிஞர் கண்டதோ அச்சேறி, எவரும் ஆராய்ந்து குறை காணும்வண்ணம் வெளிப்பட்டது. மறைவைக் காக்கும் கலையே வெளிப்படையில் வளர்ந்தது என்பது வியப்பன்றோ?

ஏட்டில் இருந்த இக்காவல்கள் வலைப்பின்னலிற் புகக் காலம் சென்றது. வலையை அமைத்தோர் ஒருவரையொருவர் நன்கறிந்த நண்பர். அறுதலை அஞ்சினரேயன்றி அகத்திருந்து வரும் கேட்டை அத்துணை அஞ்சவில்லை. 1988 நவம்பர் 2-ஆம் நாள், ஒரு பல்கலைக்கழக மாணாக்கர் தாமே பெருகிச் செல்லும் மென்பொருள் ஒன்றை வலையில் விடுத்தார். அது ஒவ்வொரு பொறியிலும் நுழைந்து, ‘இங்கு என்னைப்போல் ஒன்று உளதோ?’ என்று வினவும். ‘உளது’ என்னும் விடை பொய்யாகவும் இருக்கலாமென்று ஐயுற்று, ஏழு முறைக்கு ஒருமுறை அவ்விடையைப் பொருட்படுத்தாது தங்கிவிடுமாறு அவர் அதனை அமைத்திருந்தார். அவ்வோர் ஐயத்தால் அது அளவிறந்து பெருகி, ஏறக்குறைய 6,000 பொறிகளைச் செயலறச் செய்ததென்று மதிப்பிட்டனர். 1990-ல் அவர் வழக்குமன்றத்திற் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். அந்நிகழ்ச்சியின்பின் டார்ப்பாவின் பொருளுதவியால், கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் இத்தகைய இடர்களுக்கு உதவி புரியும் குழு ஒன்று அமைந்தது.

பிரிந்திருந்து வினைபுரிதல்

அதே பல்கலைக்கழகத்தில், 1987-ல் மற்றோர் ஆராய்ச்சி தொடங்கிற்று. அதன் தலைவர், சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்று அமெரிக்கா சென்ற மகாதேவ் சத்தியநாராயணன். டார்ப்பாவும் பொருளுதவிய அவ்வமைப்புக்குக் ‘கோடா’ என்பது பெயர். ஆவணங்கள் பொதுவான வழங்கிக் கணிப்பொறிகளில் இருக்கின்றன. பயன்படுத்துவோரது பொறி அவற்றைக் கேட்டுப் பெறுகின்றது. தொடர்பு அறுந்தால் வேலை நின்றுவிடுமன்றோ? அறுதல் இயல்பென்று கொண்டால், அதற்கு முன்னேற்பாடு செய்யலாம் என்பது அவர் கருத்து.

ஆகவே அவரும் அவர் மாணாக்கர் ஜேம்ஸ் கிஸ்ட்லரும் வேலையை மூன்று நிலைகளாக வகுத்தனர். தொடர்புள்ள காலத்தில், வேண்டியவற்றை எறும்பு மழைக்கு முன் இரை சேர்ப்பதுபோற் பொறி சேர்த்து வைக்கும். தொடர்பு அறுந்தபின், அச்சேமிப்பைக் கொண்டே தடையின்றி வினைபுரியும். செய்த மாற்றங்களைக் குறித்துவைக்கும். மீண்டும் தொடர்பு கிடைத்தபோது அம்மாற்றங்களை வழங்கியிடம் ஒப்புவிக்கும். பிரிந்திருந்த காலத்தில் இருவர் ஓர் ஆவணத்தையே மாற்றியிருப்பின் முரண் எழாதோ? எழும், ஆனால் அரிது. தம் பல்கலைக்கழக வழக்கத்தை அளந்து பார்த்தபோது, மாற்றங்களில் நூற்றுக்கு 99-க்கு மேற்பட்டவை, அவ்வாவணத்தை முன் மாற்றியவராலேயே செய்யப்பட்டன என்று கண்டனர். அரிதாக எழும் முரணை எழும்போது தீர்த்துக்கொள்ளலாம். அதற்கு அஞ்சி எல்லாரையும் எப்போதும் தடுத்தல் வேண்டா. 1991-ல் வெளிவந்த இவ்வாராய்ச்சி, எடுத்துச் செல்லும் கணிப்பொறிகளுக்கு வழிகாட்டியாயிற்று.

2009-ல் சத்தியநாராயணனும் பிறரும், தொலைவிலுள்ள பெரும் கணிப்பு நிலையங்களை நம்பாமல், அருகிலேயே சிறு கணிப்பு நிலையம் ஒன்றை வைத்துக் கைப்பொறிகளுக்கு உதவலாமென்று எழுதினர். அக்கருத்தைப் பாதுகாப்புத் துறையின் பொருளுதவி பெறும் மென்பொறியியல் நிலையத்தார், ஊர்தியில் எடுத்துச் செல்லத்தக்க சிறு நிலையங்களாக ஆக்கினர். போர்முனைக்கென எண்ணிய அது, வெள்ளமும் நிலநடுக்கமும் வந்துழி மீட்புப் பணியாளர்க்கும் பொருந்தும்.

வரம்பறிதல்

நிற்க. இத்துணையும் கேட்டோர், ‘அங்ஙனமாயின் பொருள் மிகுதியாகச் செலவிட்டால் எதனையும் நம்பத்தக்கதாக ஆக்கலாம் போலும்’ என்று கருதக்கூடும். 1983-ல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரொனால்ட் ரீகன் அங்ஙனமே கருதி, பகைவர் ஏவுகணைகள் யாவற்றையும் இடைவழியில் அழிக்கும் பெருந்திட்டம் ஒன்றை அறிவித்தார். அதனை இயக்கும் கணிப்பொறிகளைப் பற்றி ஆராய 1985-ல் அறிஞர் குழுவொன்று கூட்டப்பட்டது. டேவிட் பார்னஸ் என்பார் அதில் ஓருறுப்பினர். அவர் கடற்படைக்கு நெடுங்காலம் மென்பொருட் பணி புரிந்தவர். படைத்துறை ஆராய்ச்சியை வெறுத்தவரல்லர். எனினும் அவ்வாண்டிலேயே அக்குழுவினின்று விலகித் தம் காரணங்களைக் கட்டுரைகளாக வெளியிட்டார்.

அவர் கூறியது இதுவே: மென்பொருள் எத்துணைக் கருத்தோடு எழுதப்படினும், மெய்யான பயன்பாட்டில் உழன்று பிழை திருத்தம் பெற்ற பின்னரே நம்பத்தக்கதாகின்றது. இத்திட்டத்து மென்பொருளோ அணுப்போர் மூண்டாலன்றி மெய்யாகச் சோதிக்கப்படாது. பகைவன் செய்யும் சூழ்ச்சியை முன்னரே முற்றும் அறிதல் இயலாது. போர் மூண்டபின் பிழை திருத்த நேரமும் இராது. ஆதலின் அதனை நம்புமாறு ஒருவர்க்கும் உறுதி கூற இயலாது. நம்ப இயலாத காவலை நம்பச் செய்தல், காவலின்மையினும் கொடிது.

பேரன் தம் கருத்தைத் தகாத கையில் ஒப்புவிக்க இசையாததையும், பார்னஸ் குழுவினின்று விலகியதையும் ஒருங்கு வைத்து நோக்குக. மீண்டும் அனுப்பியும், பெரும்பான்மை கண்டும், முன்னமே சேமித்தும் தவறுதலைத் தாங்கலாம். ஆயின், ‘இவ்வளவே இயலும், இதற்குமேல் இயலாது’ என்று உரைக்கும் நேர்மையை எந்தப் பொறியும் நமக்காகச் செய்து தாராது.

முடிவுரை

போருக்கென ஒதுக்கிய பொருளால் விளைந்த இவ்வறிவை நாம் மகிழ்ந்து ஏற்கலாமோ என்று என் உள்ளம் பன்முறை வினவியதுண்டு. படைக்கலத்துக்குச் சென்றிருக்கக்கூடிய பொருள் செய்தித் தொடர்புக்குச் சென்றது நன்றே. ஆனால் அந்நன்மை தானாக விளைந்ததன்று. அறிஞர் தம் முடிவுகளை வெளியிட்டனர். பிறர் குறை காண இடந்தந்தனர். அதனாலேயே படைவீரர்க்கென எண்ணிய நெறி மருத்துவமனைக்கும், வங்கிக்கும், மாணாக்கர் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்தது. பெட்டியிற் பூட்டியிருந்தால் அது படைக்கலமாகவே இருந்திருக்கும்.

எம் விடுதியை நினைக்கின்றேன். இனியொரு புயலிரவு வருமாயின், யாங்கள் செய்யத்தக்கது இன்னதென்று இப்பொழுது ஒருவாறு அறிவேன். மழைக்கு முன்னரே வீட்டார் தங்குமிடங்களையும் உறவினர் எண்களையும் குறித்து வைத்துக்கொள்வோம். ஒருவழி அறுந்தால் மறுவழியே ஆளனுப்புவோம். இருவர் முரணினால் மூன்றாமவரையும் நான்காமவரையும் தேடுவோம். எவரும் கிடையாவிடின், அச்சத்தால் ஒன்றை மெய்யென்று துணியாமல், ‘இன்னும் அறியோம்’ என்று தோழருக்குச் சொல்லி, விடியுமளவும் அவருடன் விழித்திருப்போம்.